கிணற்றடிக் குடுமி

மதகடிப்பட்டு அச்சகத்திலிருந்து போன் வந்தபோது கலைவேந்தனின் தலையில் டை காய்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை அவர் யாரையும் பார்க்க மாட்டார். கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். கடையில் ஆயிரத்து இருநூறு கலர். தலையில் ஒன்றே ஒன்று, அட்டைக் கருப்பு. வயது ஐம்பத்திரண்டு என்பது ஆதார் கார்டுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

"அண்ணே, கல்யாணப் பத்திரிகை புரூப் ரெடி. சின்ன சந்தேகம். மேல ரெண்டு வூட்டு குலதெய்வம் பேரும் போடச் சொன்னீங்களே? ரெண்டு பக்கமும் ஒரே சாமி வந்திருக்கு. எது மிஸ்டேக்கு?"

"இன்னாபா சொல்ற?"

"மாப்பிள்ளை வூட்ல எழுதிக் குடுத்ததுலயும் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன். நீங்க எழுதிக் குடுத்ததுலயும் அதே."

டை ஒரு சொட்டு நெற்றியில் இறங்கி, புருவத்தில் நின்றது. கலைவேந்தன் துடைக்கவில்லை.

ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி. பங்காளி என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்கு அண்ணன் முறை. அப்படி ஒரு பத்திரிகையை எந்த அச்சகமும் அடித்துக் கொடுத்துவிடும். சாப்பிட மட்டும் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

புரூப் பாகூருக்கும் போயிருந்தது. பத்தே நிமிடத்தில் அங்கிருந்து போன். பேசியது மாப்பிள்ளை பிரேமின் சின்னத் தாத்தா சிவப்பிரகாசம். எழுபத்தாறு வயது. இருபது காணி கரும்பு. குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் ஒரு கன்றுக்குட்டிகூட பால் குடிக்காது.

"இதோ பாருப்பா கலைவேந்தா. பசங்க ரெண்டும் விரும்பிச்சு, சரின்னோம். உங்கப்பா அனாதை இல்லத்துல வளந்தவரு, எந்த ஊரு, எந்த சாதின்னு தெரியாதுன்னே. அதையும் கண்ண மூடிக்கினு முழுங்கிட்டோம். ஆனா பங்காளிய முழுங்க முடியாது. தொண்டையிலயே நிக்கும்."

"மாமா, அது வந்து..."

"மாமாவா? பங்காளின்னா நான் உனக்கு சித்தப்பன்டா! மொறையே மாறிப் பூட்டுது பாரு. ஆடி அஞ்சாம் வெள்ளி தேர். நாங்க எல்லாரும் அங்கதான் இருப்போம். அதுக்குள்ள உங்க சாமி வேறன்னு காட்டு, அங்கயே தாம்பூலம் மாத்திக்கலாம். இல்லன்னா தேரோட கல்யாணமும் நிலைக்கு வந்துடும்."

போன் வைக்கப்பட்டது. நாள்காட்டியில் பத்தொன்பது நாள் இருந்தது.

*

கல்யாணப் பெண் கீதாஞ்சலி லேப் டெக்னீஷியன். தினமும் நாற்பது பேரிடம் ரத்தம் எடுத்து அதிலிருந்து உண்மையை வரவழைப்பவள். அப்பாவிடம் வரவழைப்பதா கஷ்டம்?

"டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துடலாமா?" என்று முதலில் யோசனை சொன்னது கலைவேந்தன்தான்.

"பாகூருக்காரங்களுக்கு எடுக்கலாம், நமக்கு எடுக்கலாம். சாமிக்கு யாருப்பா எடுக்கறது? அத வுடு. செங்கழுநீரம்மன்தான் நம்ம குலதெய்வம்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? உங்க தாத்தா வருஷா வருஷம் தேருக்கு எங்கள இழுத்துக்கினு போவாரே! ஒரு வருஷம் தப்ப மாட்டாரு. காய்ச்சல்ல படுத்திருந்தாலும் போர்வையப் போத்திக்கினு வந்து நிப்பாரு."

"பொங்கல் வெச்சாரா?"

"இல்ல."

"கெடா வெட்னாரா?"

"ம்ஹூம்."

"எனக்கு மொட்டை?"

"உனக்கு திருப்பதியில போட்டோம்."

"பின்ன அங்க போயி இன்னாதான்பா பண்ணாரு?"

கலைவேந்தன் யோசித்தார். "நிப்பாரு."

"நிப்பாருன்னா?"

"கிணத்து மேடை இருக்கில்ல? அதும்மேல ஏறி நிப்பாரு. காலையில இருந்து தேர் நிலைக்கு வர வரைக்கும். எங்களையும் நகர வுட மாட்டாரு. மண்டை காஞ்சிடும். சர்பத் கேட்டாகூட இங்கயே குடி, நகராதம்பாரு. தேர் போவும், கவர்னர் வடம் பிடிப்பாரு, அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாரு. கூட்டத்தையே பாத்துக்கினு நிப்பாரு. அப்படி ஒரு பக்தி!"

கீதாஞ்சலி அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாமிக்கு முதுகக் காட்டிக்கினு இன்னாப்பா பக்தி?"

நாற்பது வருடமாக அந்தக் கேள்வி கலைவேந்தனுக்குத் தோன்றவே இல்லை.

*

தாத்தா பக்கிரிசாமி இறந்து பதினாலு வருடம் ஆகிறது. வளர்ந்த இடம் வில்லியனூரில் ஒரு தர்ம இல்லம், அவ்வளவுதான் வீட்டில் தெரியும். கீதாஞ்சலி பிரேமின் பைக்கில் ஏறிப் போய்ப் பார்த்தபோது இல்லம் இல்லை. அதே கட்டடம் கல்யாண மண்டபம் ஆகியிருந்தது.

மேனேஜர் புகழ்வேந்தன் காதில் போனும் கையில் சாவிக்கொத்துமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"பழைய ரிஜிஸ்டரா? எல்லாம் எடைக்குப் போட்டாச்சு. ஒண்ணு மட்டும் இருக்கு, கிச்சன்ல. ஆனா தர முடியாது."

"ஏன் சார்?"

"தந்தா கிரைண்டர் ஆடும்."

உண்மைதான். சமையல்கட்டில் இருபது லிட்டர் கிரைண்டரின் ஒரு காலுக்குக் கீழே, பல வருட மாவைக் குடித்து, பிஸ்கட் கலரில் ஒரு தடித்த நோட்டு கிடந்தது. நாளைக்கு ஒரு அறுபதாம் கல்யாணம். ஆயிரம் இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

"அதே தடிமன்ல வேற ஏதாவது குடுத்துட்டு எடுத்துக்கோங்க," என்றார் புகழ்வேந்தன்.

கீதாஞ்சலியின் பார்வை பிரேமின் தோள் பையில் போய் நின்றது.

"அஞ்சலி, வேணாம். அது என் எக்ஸாம் கைடு."

"அஞ்சு வருஷமா வெச்சிருக்கியேடா, ஒரு வேலை வாங்கிக் குடுத்துதா?"

"அடுத்த மாசம் எக்ஸாம்!"

"அடுத்த மாசம் கல்யாணமும்தான். எது வேணும்?"

கைடு கிரைண்டருக்குக் கீழே போனது. வாங்கிய நாளிலிருந்து முதல் முறையாக ஒரு வேலைக்கு உதவியது. கிரைண்டரை ஓட்டிப் பார்த்தார்கள். ஆடவில்லை.

நோட்டைத் தரையில் வைத்துப் பிரித்தார்கள். பாதிப் பக்கம் கரையான். மீதியில் மாவு. கீதாஞ்சலி ரத்த சாம்பிள் பிரிக்கிற நிதானத்தில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நூற்றுப் பதினோராம் பக்கம்.

'15-8-47, வெள்ளி. வீராம்பட்டினம் தேர் உற்சவத்தில் கிணற்றடியில் தனித்து அழுதுகொண்டிருந்த ஆண் குழந்தை. வயது சுமார் நாலு. பேர், ஊர், தாய் தகப்பன் பேர் சொல்லத் தெரியவில்லை. முதல் முடி இறக்காமல் தலை நிறையக் குடுமி. காது குத்தவில்லை. இருட்டும் வரை விசாரித்தும் ஒருவரும் வரவில்லை. பேன் மிகுதியால் மறுநாள் முடி நீக்கப்பட்டது. பக்கிரிசாமி என்று பேர் வைக்கப்பட்டது.'

"இந்தியாவுக்கு சுதந்திரம் கெடச்ச அன்னிக்கு எங்க தாத்தா தொலைஞ்சிருக்காருடா," என்றாள் கீதாஞ்சலி.

தாத்தா சாமி கும்பிடப் போகவில்லை. தொலைந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறார். யாராவது தேடி வந்தால் தெரியட்டும் என்று மேடை மேல் ஏறி. கூட்டத்துக்கு முகம் காட்டி.

பிரேம் அவள் தோளைத் தொடலாமா என்று யோசிப்பதற்குள் அவள் துள்ளி எழுந்தாள்.

"டேய்! குடுமி!"

"இன்னா குடுமி?"

"நாலு வயசு வரைக்கும் முடி எடுக்காம வளத்திருக்காங்கன்னா அது எதுக்கு? குலதெய்வத்துக்குக் குடுக்கறதுக்கு! செங்கழுநீரம்மன்தான் குலதெய்வம்னா அந்தக் கோயிலுக்கு வந்த புள்ள தலையில எப்படிடா குடுமி இருக்கும்? மொட்டையில்ல இருக்கணும்! சும்மா தேர் பாக்க வந்திருக்காங்க. அவங்க சாமி வேற எங்கியோ இருக்கு!"

புகழ்வேந்தன் கைதட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மண்டபத்தில் யார் துள்ளினாலும் கைதட்டுவது பழக்கம்.

பிரேம் உடனே பாகூருக்குப் போன் போட்டான். எடுத்தது சிவப்பிரகாசத்தின் அக்கா காசம்மாள். எண்பத்தைந்து வயது, காது கூர்மை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"தேர்ல புள்ள தொலைஞ்சுதா? நம்ம வூட்லயும் ஒண்ணு தொலைஞ்சுதேடா, சுதந்திரம் வந்த வருஷம்!"

பிரேமின் கையிலிருந்து போன் நழுவி ஊறிக்கொண்டிருந்த அரிசியில் விழுந்தது.

*

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை பைக்கில் கீதாஞ்சலி பிரேமைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் முறையாக இருந்தால்?

கூடத்தில் சிவப்பிரகாசம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காசம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தைப் பாட்டி, தொலைஞ்ச புள்ள திரும்பக் கெடச்சுதா இல்லியா?" பிரேமுக்கு மூச்சு வாங்கியது. "நாப்பத்தேழுலதான?"

"நாப்பத்தேழா? அப்ப எனக்கே ஏழு வயசு, எனக்கு இன்னாடா தெரியும்? நான் சொல்றது நம்ம சுதந்திரம். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டினானே, அந்த வருஷம்."

ஊரெல்லாம் ஒரு தடவை சுதந்திரம் வாங்கிவிட்டு முடித்துக்கொண்டது. புதுச்சேரிக்கு மட்டும் ஏழு வருடம் கழித்துத் தனி சுதந்திரம்.

"ஐம்பத்து நாலு!" கீதாஞ்சலி கத்தினாள். "அப்ப எங்க தாத்தாவுக்கு பதினோரு வயசு! அவரு இல்ல! யாரு அது தொலைஞ்சது?"

காசம்மாள் கீரைக் காம்பால் காட்டினாள். "தோ குந்தினு கீறானே, இவந்தான்."

பேப்பர் மெல்ல மேலே ஏறி சிவப்பிரகாசத்தின் முகத்தை மறைத்தது.

"அஞ்சு வயசு. பொரி உருண்டைக் கடையைப் பாத்ததும் கைய வுட்டுட்டு ஓடிட்டான். எங்கப்பா தண்டோராக்காரன வெச்சு ஊரெல்லாம் அடிச்சுத்தான் கண்டுபுடிச்சாரு. கோமணத்துலயே..."

"அக்கா!" பேப்பருக்குப் பின்னாலிருந்து அதட்டல் வந்தது. "அந்த நோட்டைக் குடு இப்படி."

நூற்றுப் பதினோராம் பக்கத்தை அவர் மூன்று முறை படித்தார். கடைசி முறை 'இருட்டும் வரை விசாரித்தும்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"குடுமி நல்ல பாயிண்டுதான். ஆனா மொட்டை போடத்தான் கூட்டியாந்து, போடறதுக்கு முன்னாடியே புள்ளையத் தொலைச்சிருந்தா?"

கரும்பு ஆலையோடு பதினேழு வருடம் கேஸ் நடத்தி ஜெயித்தவர் சிவப்பிரகாசம். சும்மாவா?

"ஒரு வழி சொல்றேன். அந்த அம்மன கும்புடற குடும்பம் அத்தனையும் தேர் அன்னிக்கு அங்க இருக்கும். மைக்ல சொல்லு. இப்படி ஒரு புள்ள காணாம போச்சு, யாரு வூட்டுப் புள்ளன்னு. எங்க பங்காளி எவனாவது கைதூக்கினா கல்யாணம் கிடையாது. ஒருத்தனும் வரலன்னா, உங்க சாமி வேற. நான் ஒத்துக்கறேன்."

*

ஆடி ஐந்தாம் வெள்ளி. வீராம்பட்டினத்தில் தலைக்கு மேல் தலை.

காவல்துறைப் பந்தலில் மைக்கைப் பிடித்திருந்தவர் பெண் ஏட்டு அருள்மொழி. காலையிலிருந்து கத்திக் கத்தி, மோர் குடித்தால்தான் குரல் வரும் என்ற நிலை. கலைவேந்தன், கீதாஞ்சலி, பிரேம், சிவப்பிரகாசம் நாலு பேரும் அவர் முன்னால் நின்றார்கள்.

"காணாம போனது யாரு?"

"எங்கப்பா," என்றார் கலைவேந்தன்.

"வயசு?"

"நாலு."

அருள்மொழி பேனாவைக் கீழே வைத்தார். கலைவேந்தனின் தலைமுடியைப் பார்த்தார். மறுபடி பேனாவை எடுத்தார்.

"எப்பத்துல இருந்து காணோம்?"

"எழுபத்தெட்டு வருஷமா."

"சார், வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா?"

ரிஜிஸ்டரைக் காட்டி, சிவப்பிரகாசம் முப்பது வருடத்துக்கு முந்தின இன்ஸ்பெக்டர்கள் பெயரெல்லாம் சொல்லி, பிரேம் இரண்டு மோர் வாங்கி வந்த பிறகு அருள்மொழி மைக்கை எடுத்தார். ஆனால் பழக்க தோஷம் யாரை விட்டது?

"பொதுமக்களின் கவனத்திற்கு! நாலு வயது மதிக்கத்தக்க ஆண் குழந்தை, குடுமி போட்டுள்ளது, பெயர் சொல்லத் தெரியவில்லை! குழந்தையைப் பற்றித் தெரிந்தவர்கள் உடனடியாகக் கிணற்று மேடைக்கு வரவும்!"

"வருஷத்த சொல்லவே இல்லியே மேடம்!" என்று கீதாஞ்சலி அலறியபோது காரியம் கைமீறியிருந்தது.

கிணற்று மேடைக்கு அவர்கள் ஓடிச் சேர்வதற்குள் ஒரு வேர்க்கடலைக்காரர் குடுமி வைத்த பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நீங்க தேடற புள்ள இதானே?" அடுத்து ஒரு பலூன்காரி இன்னொரு குடுமியோடு வந்தாள். மூன்றாவது குடுமி கையில் கரும்பு ஜூஸோடு, "நான் தொலைல, எங்கப்பா தோ நிக்கிறாரு!" என்று கத்திக்கொண்டே இழுத்து வரப்பட்டது. பின்னாலேயே அவன் அப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். சொந்தப் பிள்ளையை மீட்க அவன் பிரேமிடம் அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவதற்கும் ஐந்து நிமிடத்தில் ஆள் வந்தது. முதல் குடுமி மட்டும் மிஞ்சியது. கலைவேந்தனின் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதது. பேர் கேட்டால் "பாப்பா" என்றது. ஊர் கேட்டால் "வூடு" என்றது.

கலைவேந்தன் அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மேடை மேல் ஏறி நின்றார். தேர் பின்னால் போயிற்று. வடம் இழுக்கிற கூச்சல். அவர் திரும்பவில்லை. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா," கீழிருந்து கீதாஞ்சலி கூப்பிட்டாள். "சர்பத் வேணுமா?"

"இங்கயே குடு. நகர மாட்டேன்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

கால் மணி கழித்து ஒரு பெண் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். தலைவிரி கோலம், ஒரு காலில் மட்டும் செருப்பு. பையனைப் பிடுங்கினாள். முதுகில் ரெண்டு வைத்தாள். அப்புறம் குடுமி, கன்னம், மூக்குச் சளி ஒன்று விடாமல் முத்தமிட்டாள். அப்புறம் இன்னொன்று வைத்தாள்.

சிவப்பிரகாசம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "எங்கம்மாவும் இப்படித்தான். மூணு அடி," என்றார் யாரிடமோ.

பிரேம் ஓடிப் போய் ஏட்டம்மாவிடம் மறுபடி கெஞ்சினான். இந்த முறை ஒழுங்காக வந்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டு இதே தேர்த் திருவிழாவில் காணாமல் போன நாலு வயது ஆண் குழந்தையின் குடும்பத்தார் யாராவது இருந்தால், கிணற்று மேடைக்கு வரவும். உங்கள் பிள்ளை வளர்ந்து, பிள்ளை பெற்று, பேத்தி எடுத்துவிட்டார்." கடைசி வரி அருள்மொழி சொந்தமாகச் சேர்த்தது.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சில பெரியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். கலைவேந்தன் கண்ணை மூடி முணுமுணுத்தார். "பேர் தெரியாத சாமி, இன்னிக்கு ஒருத்தரும் வரக் கூடாது. என் பொண்ணு கல்யாணம் நடக்கணும். எங்கப்பாகிட்ட இருந்து உனக்கு வர வேண்டிய முடிய நானே தரேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி முன்னால் தவம் கிடந்த மனிதர் செய்த வேண்டுதல் அது. கீதாஞ்சலி நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள்.

ஒரு மணி நேரம். இரண்டு. தேர் நிலைக்கு வந்து, முட்டுக்கட்டை போட்டாகிவிட்டது. கைதூக்க ஒருவரும் வரவில்லை.

"அவ்ளோதான்," என்றார் சிவப்பிரகாசம். "உங்க சாமி வேற. பிரேமு, தாம்பூலத் தட்டை எடுத்தாரச் சொல்லுடா."

பிரேம் விசில் அடித்தான். கீதாஞ்சலி சிரித்துக்கொண்டே திரும்பினாள். அப்பா மேடையிலேயே உட்கார்ந்து துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சிருச்சேப்பா, ஏன் அழுவற?"

"ஒருத்தரும் வரலியேடி," என்றார் கலைவேந்தன். "வரக் கூடாதுன்னு நான்தான் வேண்டிக்கினேன். ஆனா ஒருத்தர்கூட வரலியே."

சிவப்பிரகாசம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து பொரி உருண்டைப் பொட்டலத்தை எடுத்து, ஒன்றை அவர் கையில் வைத்தார். இருவரும் கொஞ்ச நேரம் மென்றார்கள்.

திடீரென்று கலைவேந்தன் எழுந்தார். கண்ணைத் துடைத்தார். வேண்டுதல் சூடாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், வீட்டுக்குப் போனால் மனசு மாறிவிடும் என்று அவருக்கே தெரியும். கோயில் ஓரத்தில் மொட்டை போடும் கொட்டகையைப் பார்த்து வேகமாக நடந்தார். நாவிதர் தண்ணீரைத் தெளித்தே விட்டார்.

"ஓய் சம்மந்தி!" சிவப்பிரகாசம் எழுபத்தாறு வயதை மறந்து ஓடினார். "நிறுத்து! இந்த அம்மனுக்கு முடி குடுத்தே, மறுபடியும் பங்காளி ஆயிடுவோம்யா!"

பிரேம் கத்தியைப் பிடித்துக்கொண்டான். கீதாஞ்சலி அப்பாவின் ஈரத் தலையைத் துப்பட்டாவால் மூடி வெளியே இழுத்து வந்தாள்.

*

மறுநாள் காலை செல்லிப்பட்டு ஆற்றங்கரையில் காசம்மாள் மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசினாள். "எந்த சாமியோ, வந்து எடுத்துக்கோ. எழுபத்தெட்டு வருஷம் லேட்டு, கோச்சுக்காத," என்றாள். மழித்த அட்டைக் கருப்பு சங்கராபரணி ஆற்றில் மிதந்து போயிற்று. அடியில் நரைத்திருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால். அச்சகத்திலிருந்து போன்.

"அண்ணே, புது புரூப் பாத்தேன். மாப்பிள்ளை வூட்டுப் பக்கம் சாமி பேர் இருக்கு. உங்க பக்கம் காலியா இருக்கு. மிஸ்டேக்கா?"

கலைவேந்தன் மொட்டைத் தலையைத் தடவினார். சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

"மிஸ்டேக் இல்லபா. அந்த எடத்த அப்படியே வுடு. யாராச்சும் வந்து சொன்னா, பேனாவால எழுதிக்கலாம்."